பாட்டை மட்டும் அனுப்பினால் போதுமா? காரணத்தையும் சேர்த்து அனுப்புங்கள்

குடும்பப் புலனக் குழுவைக் காலையில் திறந்தால், வணக்கம் சொல்லும் ரோஜாப் படங்களுக்கு நடுவே இரண்டு மூன்று பாடல் இணைப்புகளாவது கிடக்கும். மாமா ஒன்று அனுப்பியிருப்பார், சித்தி ஒன்று. கீழே இரண்டு கைகூப்பு, ஒரு கட்டைவிரல். பெரும்பாலும் யாரும் அதைத் திறப்பதில்லை. அனுப்பியவருக்கு அந்தப் பாட்டு ஏன் அன்று காலையில் ஞாபகம் வந்தது என்று கேட்பதும் இல்லை.

நம் சமூகத்தில் பாட்டைப் பகிர்வது கைப்பேசியோடு தொடங்கிய பழக்கமில்லை. தோட்டத்திலும் பட்டணத்திலும் ஒரு தலைமுறையே அதை வானொலி வழியாகச் செய்தது. அப்போது பாட்டோடு ஒரு காரணமும் சேர்ந்தே போனது. இன்று பாட்டு போகிறது, காரணம் போவதில்லை. இது சிறிய மாற்றம் போலத் தோன்றும். வீட்டில் வயதானவர்கள் இருக்கும் குடும்பங்களுக்கு அது சிறியதில்லை.

அஞ்சல் அட்டையில் வந்த பாட்டு

இன்றைய மின்னல் பண்பலை, வானொலி 6 என்று அழைக்கப்பட்ட காலத்தை நடுத்தர வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கும் முன்பிருந்தே நேயர் விருப்பம் என்பது தமிழ் வானொலியின் உயிர்நாடி. பாட்டு வேண்டுமென்றால் அஞ்சல் அட்டை எழுத வேண்டும். எழுதத் தெரியாத பாட்டிக்குத் தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பேரப்பிள்ளை எழுதிக் கொடுக்கும். படத்தின் பெயர், பாட்டின் தொடக்கம், யார் விரும்பிக் கேட்கிறார்கள், யாருக்காகக் கேட்கிறார்கள் என்ற நான்கும் இருந்தால்தான் அட்டை முழுமையானது.

அந்த நான்காவது விவரத்தில்தான் கதை இருந்தது. பிறந்தநாள், திருமண நாள், தேர்வில் தேறிய மகன், பட்டணத்தில் வேலை கிடைத்துப் போன தங்கை, மருத்துவமனையில் படுத்திருக்கும் தாத்தா. அறிவிப்பாளர் தோட்டத்தின் பெயரைச் சொல்லி, வீட்டாரின் பெயர்களை வரிசையாக வாசிப்பார். சில சமயம் பெயர்ப் பட்டியல் பாட்டைவிட நீளமாக இருக்கும். அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. தம் பெயர் வானொலியில் வருவதற்காகவே அட்டை போட்டவர்களும் இருந்தார்கள்.

லயத்து வீடுகளின் சுவர் பலகைதான். ஒரு வீட்டு வானொலி நாலு வீட்டுக்குக் கேட்கும். ஆகவே ஒருவருக்காகக் கேட்கப்பட்ட பாட்டை லயமே கேட்டது. எந்த வீட்டில் என்ன விசேஷம் என்பதும் கூடவே தெரிந்துபோனது. காரணத்தை வெளியே சொல்ல முடியாதவர்களுக்கும் வழி இருந்தது. பெயரில் ஓர் எழுத்தை மட்டும் குறிப்பிட்டு, "அன்பு நெஞ்சத்திற்காக" என்று அட்டை எழுதிய இளவட்டங்கள் உண்டு. யார் எழுதியது, யாருக்கு எழுதியது என்று மறுநாள் பால் கொட்டகையில் துப்பறியும் வேலை நடக்கும். பாதி நேரம் கண்டுபிடித்தும் விடுவார்கள்.

பிறகு ஒலிநாடா வந்தது. அதிலும் காரணம் முழுக்க மறைந்துவிடவில்லை. கடையில் ஒரு தாளில் பாட்டுகளை எழுதிக் கொடுத்தால், அடுத்த வாரம் ஒரே கேசட்டில் பதிந்து தருவார்கள். 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு ஆறேழு பாட்டுதான் கொள்ளும். ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால் இன்னொன்றை அடிக்க வேண்டும். அப்படி அடித்து அடித்து எழுதிய பட்டியலில் மிஞ்சியவை ஏதோ ஒரு காரணத்தோடுதான் மிஞ்சின. அந்தக் கேசட்டைத் தங்கைக்கோ நண்பனுக்கோ கொடுத்தபோது, அட்டையின் உள்பக்கத்தில் கைப்பட எழுதிய பெயர்களும் கூடவே போயின.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்கும் தாமான்களுக்கும் குடிபெயர்ந்தபோது, ஒன்றாகக் கேட்ட காதுகளும் பிரிந்தன. இன்று ஒரே வீட்டில் நாலு பேர் நாலு காதொலிப்பான்களில் நாலு பாட்டு கேட்கிறார்கள். அடுத்த அறையில் இருப்பவர் என்ன கேட்கிறார் என்பது தெரியாது.

எண்ணிக்கை தெரியும், காரணம் தெரியாது

ஸ்போட்டிஃபை 2013-இல் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தது. ஆண்டு முடிவில் ஒருவர் எந்தப் பாடகரை எத்தனை நிமிடம் கேட்டார் என்று அது ஒரு வண்ண அட்டை தயாரித்துக் கொடுக்கிறது. இளையவர்கள் அதைப் படவரியில் பகிர்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பெண் ஒரே பாட்டை நானூறு முறை கேட்டாள் என்றால், அவள் காதலில் இருந்தாளா, அப்பாவை இழந்திருந்தாளா, அல்லது கைக்குழந்தை அந்தப் பாட்டுக்குத்தான் தூங்கியதா என்று எந்தக் கணக்கும் சொல்லாது.

ஒருவர் கேட்கும் பாட்டைத் தெரிந்துகொள்வது அவரைத் தெரிந்துகொள்ளும் வழி என்பதை ஆய்வாளர்களும் கவனித்திருக்கிறார்கள். பீட்டர் ரென்ட்ஃப்ரோ, சாம் காஸ்லிங் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் அறியாத கல்லூரி மாணவர்களை இருவர் இருவராகச் சேர்த்து, ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளும்படி ஆறு வாரம் பேசவிட்டார்கள். எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். அவர்கள் மற்ற எதையும்விட அதிகமாக எடுத்த பேச்சு இசைதான். ஒருவருக்குப் பிடித்த பத்துப் பாட்டுகளைக் கேட்டுவிட்டு அவரது குணத்தை ஓரளவு கணிக்க முடிகிறது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. நம் தாத்தா பாட்டிகளிடம் கேட்டிருந்தால் ஆய்வு இல்லாமலேயே இதைச் சொல்லியிருப்பார்கள். மாப்பிள்ளை என்ன பாட்டு முணுமுணுக்கிறார் என்று கவனித்த மாமியார்கள் உண்டு.

ஒரே பாட்டுக்கு இரண்டு பேரிடம் இரண்டு பொருள் இருக்கும். டி.எம். சௌந்தரராஜன் பாடிய ஒரு முருகன் பாடல் ஒருவருக்குப் பத்துமலைத் தைப்பூசக் கூட்டத்தில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து போன நாளைக் கொண்டுவரும். இன்னொருவருக்கு அதே பாடல், தோட்டத்துக் கோயில் ஒலிபெருக்கியில் விடியற்காலை ஒலித்தபோது இழந்த அண்ணனைக் கொண்டுவரும். இணைப்பை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

நினைவு மங்கும்போது

இது விளையாட்டுப் பேச்சாக முடிந்துவிடாத இடம் ஒன்று உண்டு. மறதி நோய் கண்ட பெரியவர்கள், பிள்ளைகளின் பெயரையே தடுமாறும் நிலையிலும், இளமையில் கேட்ட பாட்டு ஒலித்தால் கூடச் சேர்ந்து பாடுவதைப் பல குடும்பங்கள் கண்டிருக்கின்றன. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர் பீட்டர் ஜனாட்டா 2009-இல் வெளியிட்ட மூளைப்பட ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தந்தது. பழகிய பாட்டையும் அதோடு ஒட்டிய சொந்த வாழ்க்கை நினைவையும் இணைக்கும் பகுதி, நெற்றிக்குப் பின்னால், மூளையின் முன்பக்க நடுவில் இருக்கிறது. அல்சைமர் நோயில் மற்ற சில பகுதிகளைவிடப் பிந்தித் தேய்கின்ற இடங்களில் அதுவும் ஒன்று.

பாட்டு நோயைக் குணப்படுத்தாது. மருத்துவரிடம் காட்டுவதற்கு மாற்றும் ஆகாது. ஆனால் பதற்றமாக இருக்கும் ஒருவரை அமைதிப்படுத்தவும், குளிக்கவைப்பது, சாப்பிடவைப்பது போன்ற சிரமமான நேரங்களைக் கடக்கவும், பேச்சற்றுப்போனவரோடு கொஞ்ச நேரம் சேர்ந்திருக்கவும் அது உதவும். அதற்கு அவருடைய பாட்டு வேண்டும். ஏதோ ஒரு பழைய பாட்டு போதாது.

இங்கேதான் பிள்ளைகள் பெரும்பாலும் தடுக்கி விழுகிறார்கள். "அப்பாவுக்குப் பழைய பாட்டு போடு" என்று சொல்லி, வலையொளியில் கறுப்பு வெள்ளைக் காலத்துத் தொகுப்பு ஒன்றைத் தட்டிவிடுகிறார்கள். பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் நடந்தவை மனத்தில் மிக ஆழமாகப் பதிகின்றன என்பது நினைவைப் பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த ஒன்று. பாட்டுக்கும் அது பொருந்தும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று 75 வயதை ஒட்டியவர் 1950-வாக்கில் பிறந்தவர். அவருடைய பதினைந்தும் இருபத்தைந்தும் 1965-க்கும் 1975-க்கும் இடையில். விசுவநாதன், ராமமூர்த்தி இருவரும் 1965-இல் பிரிந்தார்கள். அதன் பிறகு எம்.எஸ். விசுவநாதன் தனியாக இசையமைத்த ஆண்டுகள்தான் அவருடைய இளமை. 1944-இல் வந்த 'ஹரிதாஸ்' காலத்துப் பாகவதர் பாட்டு அவருடைய அப்பாவின் பாட்டு. 60 வயதுக்காரருக்கோ 1976-இல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜாதான் பள்ளிக்காலம். 'ரோஜா' வந்த 1992-இல் பதினாறு வயதாக இருந்தவர்களே இப்போது ஐம்பதை எட்டுகிறார்கள். "பழைய பாட்டு" என்ற ஒரே பெட்டிக்குள் இவர்கள் எல்லோரையும் அடைக்க முடியாது.

இந்நாட்டுத் தமிழர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அவர்கள் தமிழ்ப் பாட்டை மட்டும் கேட்டு வளரவில்லை. தோட்டத்துத் திடலில் திரை கட்டிப் படம் காட்டிய நாட்களில் பி. ரம்லியின் மலாய்ப் படத்துக்கும் கூட்டம் சேர்ந்தது, இந்திப் படத்துக்கும் சேர்ந்தது. பினாங்கிலிருந்து வந்த ஆறுமுகம் சகோதரர்களின் அல்லிகேட்ஸ் குழு மலாய்ப் பாட்டால் நாடு முழுக்கப் பெயர் பெற்றது. ஆகவே பாட்டியின் முகத்தை மலரவைக்கும் பாட்டு தமிழில் இல்லாமலும் இருக்கலாம். கேட்காமல் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

காரணம் தெரியாவிட்டால் தீங்கும் நேரலாம். சில பாட்டுகள் காயத்தோடு கட்டிப்போட்டவை. கணவர் இறந்த வாரத்தில் வானொலியில் அடிக்கடி ஒலித்த பாட்டை, மெட்டு இனிமையாக இருக்கிறதே என்று ஒரு முதியவருக்குப் போட்டுக் காட்டினால், அவர் கலங்குவார். ஏன் கலங்குகிறார் என்று சொல்ல அவரிடம் சொற்கள் இருக்காது. அப்படி முகம் மாறினால் உடனே நிறுத்திவிட்டு, அந்தப் பாட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

எப்படிக் கேட்பது?

நினைவு நன்றாக இருக்கும்போதே கேட்க வேண்டும். "உங்களுக்குப் பிடித்த பாட்டு எது?" என்று கேட்டால் நம் பெரியவர்கள் கொடுக்கும் பதில் ஒன்றுதான்: "எல்லாமே பிடிக்கும்யா." அந்தக் கேள்வி அவர்களுக்கு நேர்காணல் போல இருக்கிறது. இடத்தைப் பிடித்துக் கேட்டால் கதவு திறக்கும்.

"பாட்டி, உங்க கல்யாணத்துல குழாய் ரேடியோவுல என்ன பாட்டு போட்டாங்க?"

"தாத்தா, முதமுதலா ரேடியோ வாங்குனது எப்போ? அதுல மொதல்ல என்ன கேட்டீங்க?"

"அம்மா, பெரட்டுக்கு எழும்புறப்போ கோயில்ல என்ன பாட்டு ஓடும்?"

பால்மரம் வெட்டும்போது முணுமுணுத்தது, திடலில் பார்த்த படம், முதல் பிள்ளையைத் தூங்கவைத்தது, வீட்டுக்காரர் சைக்கிளில் வரும்போது சீட்டியடித்தது என்று ஒவ்வோர் இடமாகப் போகலாம். பதில் நேராக வராது. பாட்டைக் கேட்டால் கங்காணியைப் பற்றிச் சொல்வார்கள், பிறகு ஒரு சேலையின் நிறத்தைப் பற்றி, பிறகு யாரோ ஓடிப்போன கதை. குறுக்கே வெட்டாமல் விட்டுவிடுவது நல்லது. அந்தச் சுற்றுப்பாதைதான் காரணம். படத்தின் பெயரையோ பாடகரின் பெயரையோ தவறாகச் சொன்னால் அந்த இடத்திலேயே திருத்தவும் வேண்டாம். திருத்தினால் பேச்சு நின்றுவிடும்.

சொல்லும்போதே புலனத்தில் குரல் பதிவாக எடுத்துக்கொள்வது எளிது. மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிட்டால் குரல் தெளிவாக விழும். கைப்பேசி தொலைந்தால் குரலும் தொலையும் என்பதால், அந்தப் பதிவை மின்னஞ்சலிலோ கணினியிலோ இன்னொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். பாட்டின் தொடக்கம் மறந்துபோய் மெட்டு மட்டும் ஞாபகமிருந்தால், முனகிக் காட்டினால் தேடித் தரும் வசதி கூகுள் செயலியில் 2020 முதல் இருக்கிறது. பாட்டியின் முனகலுக்கு அது சில நேரம் வேடிக்கையான விடை தரும். அதற்குப் பாட்டி சிரிப்பதே ஒரு பலன்.

கிடைத்த பாட்டுக்குக் கீழே மூன்று விவரம் எழுதினால் போதும். எந்த வயதில், எந்த இடத்தில், யாரோடு கேட்டது. அதே பாட்டு பல பேர் பாடிய வடிவங்களில் கிடைக்கும் என்பதால், பெரியவர் கேட்ட பழைய பதிவுதானா என்று அவரிடமே ஒருமுறை போட்டுக் காட்டி உறுதிப்படுத்துவது அவசியம். மேடையில் யாரோ பாடிய புதிய வடிவத்தைக் கேட்டால், "இது அது இல்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

இணைப்பே இல்லாத பாட்டுகள்

எந்தச் செயலியிலும் தேட முடியாத பாட்டுகளும் இருக்கின்றன. தோட்டத்துத் தாலாட்டு, கும்மி, நடவு நாட்களில் தமிழகத்திலிருந்து கொண்டுவந்து இங்கே பால்மரத்துக்கும் கங்காணிக்கும் ஏற்றபடி சொல் மாற்றிக்கொண்ட பாட்டு, ஒப்பாரி. இவை இசைத்தட்டில் வந்தவை இல்லை. பாடிய பெண்களின் தொண்டையில் மட்டும் இருப்பவை. பேத்தியின் பெயரைத் தாலாட்டில் கோத்துப் பாடிய பாட்டி போய்விட்டால், அந்த வடிவம் அவரோடு போய்விடும்.

ஒப்பாரியைக் கேட்பதில் மட்டும் நிதானம் வேண்டும். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்ற நம்பிக்கை பலரிடம் உறுதியாக இருக்கிறது. வற்புறுத்தினால் மனம் புண்படும். பாடாமல் சொற்களை மட்டும் சொல்லச் சிலர் சம்மதிப்பார்கள். சிலர் வீட்டுக்கு வெளியே, மரத்தடியில் என்றால் பாடுவார்கள். மறுத்தால் அதோடு விட்டுவிடுவதுதான் முறை. யாருடைய சாவுக்கு யார் பாடியது என்ற கதையை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக் குரலைப் பதிந்து வைப்பது வீட்டுப் பொழுதுபோக்கு என்று மட்டும் நினைக்க வேண்டியதில்லை. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979 முதல் சாதாரண மக்களின் நினைவுகளைக் குரலாகவே சேர்த்து வருகிறது. தமிழில் பேசியவர்களின் பதிவுகளும் அங்கே உண்டு. ஒரு குடும்பம் தன் அளவில் செய்வதும் அதே வேலைதான்.

இளையவர்கள் பக்கமும் கேளுங்கள்

கேள்வி ஒரு பக்கமாகவே போனால் பெரியவர்களுக்கும் சலிப்பு வரும். பதினாறு வயதுப் பையன் காதில் மாட்டிக்கொண்டு என்ன கேட்கிறான் என்று தாத்தாவும் கேட்கலாம். "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்ற சொல்லை மட்டும் ஓரிரு நிமிடம் அடக்கிவைத்தால் போதும். யோகி பி-யும் நட்சத்திராவும் 2006-இல் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டபோது அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்ட பெற்றோர்கள் உண்டு. அன்று அதைக் கேட்ட பிள்ளைகள் இன்று பெற்றோர்கள். தமிழ் ராப் பாட்டு இந்த மண்ணிலிருந்து எழுந்து சென்னைத் திரையுலகம் வரை போனது அவர்களுடைய இளமையின் பெருமை. அதை அவர்கள் வாயால் கேட்டால்தான் அந்தச் சத்தத்துக்குள் என்ன இருந்தது என்பது புரியும்.

உள்ளூர்க் கலைஞர்களின் பாட்டைப் பகிரும்போதும் இதே குறைதான் தெரிகிறது. "நம்ம ஊரு பாட்டு, ஆதரவு கொடுங்க" என்று எழுதி அனுப்புகிறார்கள். கடமைக்காக யாரும் ஒரு பாட்டை இரண்டாவது முறை கேட்பதில்லை. "இரண்டாவது சரணத்தில் நம் தாமான் பேச்சு அப்படியே வருகிறது, அதைக் கேட்டுப் பார்" என்று எழுதினால் பத்துப் பேரில் மூன்று பேராவது திறப்பார்கள். மலேசியாவில் பிறந்து, சென்னைக்குப் போய், 1977-இல் '16 வயதினிலே' படத்தில் பாடிப் புகழடைந்த மலேசியா வாசுதேவனைக்கூட, அவர் நம்மவர் என்பதற்காக மட்டும் இங்குள்ளவர்கள் கொண்டாடவில்லை. அந்தக் குரலில் குறும்பும் ஏக்கமும் இருந்ததால்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவர் 2011-இல் மறைந்த பிறகும் கேட்கிறார்கள்.

பெரியவர் ஒருவரை முதியோர் இல்லத்திலோ பகல்நேரப் பராமரிப்பு மையத்திலோ சேர்க்க வேண்டிய நிலை வந்தால், மருந்துப் பட்டியலோடு இந்தப் பாட்டுப் பட்டியலையும் கொடுக்கலாம். ஐந்து பாட்டு போதும். அங்கே பராமரிப்பவர் தமிழ் தெரியாதவராக இருக்கக்கூடும் என்பதால், காரணத்தை மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரு வரி எழுதி, பாட்டுகளை இணையம் இல்லாமலும் ஓடும்படி ஒரு பழைய கைப்பேசியில் இறக்கிக் கொடுப்பது நல்லது. எதை எந்த நேரத்தில் போட வேண்டும், எதைப் போடவே கூடாது என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். காது மந்தமானவருக்குக் காதொலிப்பான் உதவும், ஆனால் சத்தத்தைக் குறைவாக வைத்துத் தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கூட்ட வேண்டும்.